சோடாமூடி பதிந்த கல்

"பேர் வைக்கிறதுக்கும் ஒரு படிப்போ?" என்று அம்மா சிரித்தார். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் போனவள் நான்.

மனிதர் பூமியையே மாற்றிவிட்டதால் இந்தப் புவியியற் காலத்துக்குப் புதுப் பெயர் வேண்டும் என்று வகுப்பில் வாதாட இருந்தேன். சான்றுக்கு, சோடாமூடி பதிந்து இறுகிய கொங்கிறீட் கல்லொன்று வெள்ளவத்தைக் கடற்கரையில் கிடைத்தது.

கொட்டாஞ்சேனை வீட்டுக்குத் திரும்புகையில் போர்க்காலச் சோதனைச்சாவடியில் சிப்பாய் என் பையிலிருந்து அதைத் தூக்கினான். பறிபோனால் வேறு சான்றில்லை. நாம் விட்டுப்போவதெல்லாம் ஒருநாள் மண்ணடுக்கில் கல்லாக இறுகும் என்று தெரிந்த சிங்களத்தில் விளக்கினேன்.

"அப்ப இந்தச் சாவடியும் மண்ணுக்குள்ள போகுமா, நங்கி?" என்று தங்கையை அழைப்பதுபோல் கேட்டான்.

"போகும், அய்யே. எவ்வளவு கெதியாப் போகுதோ அவ்வளவு நல்லம்." நானும் அவனை அண்ணனாக்கினேன்.

அவன் சிரித்துக் கல்லைத் தந்துவிட்டான்.

அம்மா கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சரி, என்ன பேர்?"

"அதை நாளைக்கு வகுப்பிலதான் கதைப்பம். நான்தான் முதல்ல பேசுறன் எண்டு சொல்லிட்டன்."