பிடிபட்டவர் என் மாமனார்

2018-ஆம் ஆண்டு கோடை விடுமுறை. பிள்ளை பிடிக்கிறவர்கள் கூட்டமாக வந்து இறங்கியிருக்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் ஒரு வதந்தி ஊர் ஊராகப் பரவியது பலருக்கும் நினைவிருக்கும். அந்த நாட்களில், நாங்கள் குடியிருந்த நெய்வேலி டவுன்ஷிப்பில் நடந்தது இது.

டவுன்ஷிப்பின் ஒவ்வொரு பகுதிக்கும் வட்டம் என்று பேர். எங்கள் வட்டத்தில் குடியிருப்போர் சங்கம் ஒன்று இருந்தது. குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் முட்செடி மண்டிக் கிடந்த இடத்தைத் திருத்திப் பூங்கா ஆக்கியது, எரியாத தெருவிளக்குக்காக ஆபீசுக்கு நடையாய் நடந்தது எல்லாம் அந்தச் சங்கம்தான். செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றும் குழுவில் நானும் இருந்தேன். வதந்தி வந்ததும் பூங்காவில் பேச்சே மாறிப்போனது. ஆண்கள் முறை வைத்துத் தெருவைச் சுற்றி வந்தார்கள். பழைய பேப்பர் வாங்க வருபவரைக்கூட நிறுத்தி விசாரித்தார்கள். மற்ற வட்டங்களிலும் இதே கதைதான். பிள்ளைகள் வாசலில் விளையாடினால் என்னால் அடுப்படியில் நிற்க முடியாது. கை வேலையில் இருக்கும், காது வாசலில் இருக்கும்.

என் மாமனார் எங்களோடு இருந்தார். சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சில வருடங்களாக ஞாபகம் தப்பிக்கொண்டே வந்தது. சாப்பிட்ட கையோடு மறுபடி சாப்பாடு கேட்பார். திடீரென்று சட்டையை மாட்டிக்கொண்டு ஷிப்டுக்குக் கிளம்புவார். ரிட்டையர் ஆகிவிட்டீர்கள் என்று சொன்னால் முகம் சுண்டிப்போகும். அதனால் கேட்டை எப்போதும் சங்கிலி போட்டே வைத்திருப்போம்.

அன்று முற்பகல் சிலிண்டர் கொண்டுவந்தவர் போனபோது கேட் திறந்தபடியே கிடந்திருக்கிறது. நான் துணி காயப்போட்டுவிட்டு உள்ளே வந்தால் மாமாவைக் காணோம். பூங்கா, பால் பூத், பஸ் நிறுத்தம் எல்லாம் ஓடிப் பார்த்தேன். என் கணவர் சுரங்கத்தில் ஷிப்டில் இருந்தார். போனை எடுக்கவில்லை. பக்கத்து வரிசையில் இருந்த சங்கச் செயலாளர் வீட்டுக் கதவைத் தட்டினேன். பதறாதீர்கள், ஒரு படம் அனுப்புங்கள், எல்லா வட்டத்துக் குழுவிலும் போட்டுவிடுகிறேன் என்றார்.

நான் போனில் படம் தேடிக்கொண்டிருக்கும்போதே எங்கள் சங்கக் குழுவில் ஒரு படம் வந்து விழுந்தது. யாரோ அனுப்பியதை யாரோ அனுப்பியது. மேல்சட்டை இல்லாமல் தரையில் உட்கார்ந்திருக்கும் ஒரு வயதானவர். முகம் தெரியாத ஒருவரின் கை அவர் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தது. 'பிள்ளை பிடிக்க வீட்டுக்குள் புகுந்தவன் பிடிபட்டான்' என்று கீழே எழுதியிருந்தது.

அது என் மாமனார்.

எந்த வட்டம், எந்த வீடு, ஒன்றும் இல்லை. படத்தில் தெரிந்த சுவரையும் ஜன்னலையும் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். டவுன்ஷிப்பில் எல்லாக் குவார்ட்டர்ஸும் ஒரே அச்சு. அது எங்கள் வீட்டுச் சுவராகக்கூட இருக்கலாம். செயலாளர் மற்ற வட்டத்துச் சங்கக்காரர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் போட்டார். சிலர் எடுத்தார்கள், சிலர் எடுக்கவில்லை. வெளியூர்களில் இப்படிப் பிடிபட்டவர்கள் அடிபட்டுச் செத்த செய்தியைச் சில நாள் முன்புதான் படித்திருந்தேன். அப்போதுதான், என் கணவர் பிறந்து வளர்ந்த பழைய குவார்ட்டர்ஸ் ஞாபகம் வந்தது. மாமா வேலையில் இருந்த காலமெல்லாம் அந்த வட்டத்தில்தான் குடியிருந்தார். நான் ஸ்கூட்டியை எடுத்தேன். செயலாளர் பைக்கில் பின்னால் வந்தார்.

தெரு முனையிலேயே கூட்டம் தெரிந்தது. தாறுமாறாக நிறுத்திய பைக்குகள். சிலர் கையில் தடி. மாமா முன்பு குடியிருந்த அதே வீட்டின் கதவு உள்பக்கமாகத் தாழிட்டிருந்தது. ஜன்னல் கம்பிக்குப் பின்னால், இடுப்பில் கைக்குழந்தையோடு ஓர் இளம்பெண் நின்றுகொண்டிருந்தாள். வெளியே இருந்தவர்கள் கதவைத் திறக்கச் சொல்லி அதட்டினார்கள்.

"அவரு ஊட்டு ஆளுங்க வராம தொறக்க மாட்டேங்க. அவரு எதையும் எடுக்கல, புள்ளையத் தொடக்கூட இல்ல. சோறு போடுன்னு கேட்டுக்கினு ஒக்காந்தாரு, அவ்ளோதான்" என்று அவள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், நான் அவர் மருமகள் என்றேன். அவள் உடனே நம்பவில்லை. உள்ளே திரும்பி மாமாவிடம், இந்த அம்மாவைத் தெரிகிறதா என்று கேட்டாள். அவர் ஜன்னல் வழியாக என்னை நிதானமாகப் பார்த்தார்.

"தெரியலையே" என்றார்.

பின்னால் யாரோ, இவளும் அந்தக் கூட்டமா என்று முணுமுணுத்தது கேட்டது. செயலாளர் எனக்காக ஏதோ பேச ஆரம்பித்தார். யார் காதிலும் விழவில்லை. என்ன நினைத்துச் சொன்னேன் என்று இன்றுவரை தெரியாது.

"மாமா, பஸ் வந்துருச்சு. ஷிப்டுக்கு நேரமாச்சு."

அவர் சட்டென்று எழுந்தார். கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார். பொத்தானைப் போட்டபடியே கதவருகில் வந்து நின்றார். அந்தப் பெண் தாழ்ப்பாளை விலக்கினாள்.

அவர் மணிக்கட்டில் விரல் தடம் சிவப்பாகப் பதிந்திருந்தது. தரையில் பாதி சாப்பிட்ட தயிர்சாதத் தட்டு. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள்தான் பேசினாள்.

"மொதல்ல பயந்துக்கினு கூச்சல் போட்டது நான்தாங்க்கா. அத கேட்டுத்தான் இவங்கள்லாம் ஓடியாந்தாங்க. அப்பறம் பாத்தா, கால் கழுவிக்கினு வந்து சட்டையக் கழட்டி ஆணில மாட்டிட்டு ஒக்காந்திருக்காரு. சொந்த வூட்டுக்கு வந்த மாதிரி. நான் போட்ட கூச்சலுக்கு அவருக்கு ஒண்ணு ஆயிட்டா நான் எப்டிக்கா தூங்குவேன்?"

அவள் காடாம்புலியூர்ப் பக்கத்துப் பெண். கல்யாணமாகி டவுன்ஷிப்புக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அத்தனை ஆண்களையும் எப்படியோ வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியிருக்கிறாள்.

கூட்டம் கலைந்தது. அந்த வட்டத்துச் சங்கக்காரர் ஒருவர் மட்டும் அருகில் வந்து, எங்கள் பிள்ளைகளின் பாதுகாப்புக்காகத்தானே செய்தோம் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். அவரைக் கோபிக்க எனக்கு மனம் வரவில்லை. எங்கள் தெருவில் நடந்திருந்தாலும் இதேதான் நடந்திருக்கும். மாமா ஸ்கூட்டியின் பின்னால் உட்கார்ந்து, பஸ் எங்கே என்று வழிநெடுகக் கேட்டுக்கொண்டே வந்தார்.

அந்த வாரமே எங்கள் சங்கம் பூங்காவில் கூடியது. சந்தேகம் என்று யாருடைய படத்தையும் குழுவில் போடக் கூடாது, புது ஆள் தெரிந்தால் முதலில் பெண்கள் இரண்டு பேர் போய்த் தண்ணீர் கொடுத்து உட்காரவைத்துப் பேச வேண்டும் என்று முடிவானது. மாமாவைப் போல ஞாபகம் தப்பியவர்கள் வேறு வீடுகளிலும் இருப்பது அன்றைக்குத்தான் வெளியே வந்தது. அவர்கள் சட்டைக் காலருக்குள் வீட்டுப் போன் நம்பரைத் தைத்துக் கொடுத்தோம். பிறகு மற்ற வட்டங்களும் அப்படியே செய்தன. ஆனால் அந்தப் படத்தை மட்டும் யாராலும் நிறுத்த முடியவில்லை. பல வாரம் கழித்து, சேத்தியாத்தோப்பில் இருக்கும் ஓர் உறவினர் அதே படத்தை எனக்கே அனுப்பி, பிள்ளைகளை ஜாக்கிரதையாகப் பார்த்துக்கொள் என்றார்.

மாமா இப்போது இல்லை. ஆனால் யாரோ பிடிபட்டார் என்று இன்றைக்கும் என் போனுக்கு ஒரு படம் வந்தால், இந்நேரம் எந்த வீட்டில் இவரைத் தேடி ஓடிக்கொண்டிருக்கிறார்களோ என்ற நினைப்பில், அன்று முழுக்க எனக்கு ஒரு வேலையும் ஓடுவதில்லை.