மக்கள் வசிக்காத ஊர்

விருதுநகரில் ஒரு பாத்திரக்கடைக்கு மேல் மாடியில் எங்கள் கம்ப்யூட்டர் ஆபீஸ் இருந்தது. இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருஷங்கள். அரசாங்கக் காகிதங்களை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றும் மும்முரம். எனக்குக் கிடைத்த வேலை ஊர்களுக்கு ஜோடி சேர்ப்பது. வருவாய்த்துறை ஒவ்வோர் ஊருக்கும் ஓர் எண் வைத்திருக்கும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அதே ஊருக்கு வேறு எண். தபாலுக்குப் பின்கோடு. மூன்றையும் ஒரே வரியில் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். எங்கள் மாவட்டத்தில் தடுக்கி விழுந்தால் ஒரு புதுப்பட்டி, எழுந்தால் ஒரு மேட்டுப்பட்டி. எந்தப் புதுப்பட்டிக்கு எந்த எண் என்று பார்ப்பதற்குள் கண் பூத்துவிடும். ஆனாலும் எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. கையில் கரி ஒட்டாத வேலை.

ஒருநாள் எங்கள் ஊரே திரையில் வந்தது. வருவாய் எண் சரியாக இருந்தது. கணக்கெடுப்புப் பட்டியலில் மட்டும் எண்ணுக்கு எதிரே ‘மக்கள் வசிக்காதது’ என்று போட்டிருந்தது. எனக்குச் சுருக்கென்றது. காலையில் அங்கேதான் பல் தேய்த்துவிட்டு பஸ் ஏறியிருந்தேன். எங்கள் சனத்தை அடுத்த ஊர்க் கணக்கில் சேர்த்து எழுதிவிட்டு, எங்கள் ஊரைக் காலி என்று முடித்திருக்கிறார்கள். தண்ணீர்த்தொட்டி கேட்டு நாங்கள் கொடுத்த மனு ஏன் ஒவ்வொரு முறையும் திரும்பி வந்தது என்று அன்றைக்குத்தான் விளங்கியது. ஆள் இல்லாத ஊருக்கு எவன் தொட்டி கட்டுவான்?

முந்திரிக்கொட்டை மாதிரி மேற்பார்வையாளரிடம் போய், “சார், அங்க ஆளுங்க இருக்காங்க” என்றேன். அவர் கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர், நல்ல மனுஷர். “உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?” என்றார்.

‘எங்க ஊரு சார்’ என்று சொல்ல இரண்டு நொடி வேலை. வாயில் வரவில்லை. வேலைக்குச் சேர்ந்த அன்றே என் ஊர் திருத்தங்கல் என்று சொல்லி வைத்திருந்தேன். திருத்தங்கல் என்றால் அச்சாபீஸ், கடைவீதி என்று ஒரு மதிப்பு உண்டு. எங்கள் ஊர்ப் பேரைச் சொன்னால், எந்தத் தெரு, என்ன ஆளுக என்று அடுத்த கேள்வி வரும். “தெரிஞ்சவங்க இருக்காங்க சார்” என்று மென்று முழுங்கினேன். “அப்ப நேர்ல பார்த்துட்டு மாத்திடலாம். நீங்களும் வாங்க” என்று அவர் ஜீப்பை வரச் சொன்னார்.

ஜீப் என்றதுமே எனக்குப் புத்தி வேலை செய்திருக்க வேண்டும். எங்கள் ஊரில் பட்டாசுக் கம்பெனி வேலை போக மிச்ச நேரத்தில் வீட்டுக்கு வீடு கருந்திரி செய்வார்கள். பட்டாசுக்கு வைக்கிற, மருந்து தோய்த்த கறுப்புத் திரி. அதை வீட்டில் வைத்துச் செய்வது குற்றம், பிடித்தால் ஜெயில். ஊருக்குள் ஜீப் வந்தால் ரெய்டு என்பது கைப்பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

நாங்கள் போய் இறங்கும்போது தெரு துடைத்து வைத்ததுபோல் கிடந்தது. கதவெல்லாம் சாத்தியிருந்தது. ஒரு கோழி மட்டும் குறுக்கே நடந்தது. “ஆளே காணோமேம்மா” என்றார் சார். ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் மூச்சைப் பிடித்துக்கொண்டு யார் நிற்கிறார்கள் என்று என்னால் சொல்ல முடியும். கூப்பிட்டால் வருவார்கள், கூடவே திரியும் வெளியே வந்துவிடும். கூப்பிடாவிட்டால் தொட்டி போச்சு. கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதைதான். “பட்டியல் சரிதான் போல” என்று அவர் பேனாவை எடுத்தார்.

அப்போது எங்கள் வீட்டுக் கதவு திறந்தது. அம்மா ஜன்னல் வழியாக என்னைப் பார்த்திருக்கிறாள். முந்தானையில் கையைச் சுற்றிக்கொண்டு வந்தாள். சுற்றினால் மறையுமா, முழங்கை வரைக்கும் கறுப்பு. நேரே என் முகத்தைப் பார்த்து, “வாங்கம்மா. யாரு வேணும்? எங்கனருந்து வர்றீக?” என்றாள்.

பெற்ற மகளைப் பார்த்து ‘வர்றீக’ என்கிறாள். திரி பிடிபட்டாலும் என் வேலைக்குப் பழுது வந்துவிடக் கூடாது என்று அந்த நேரத்திலும் அவளுக்குத் தோன்றியிருக்கிறது. நான் ‘அம்மா’ என்று கூப்பிட்டிருக்க வேண்டும். “நீங்க இங்கதான் குடியிருக்கீங்களா?” என்று கேட்டேன்.

“ஆமாம்மா. கலியாணமாகி வந்ததுலருந்து இங்கனதான்.”

“வீட்டுல வேற யாரு இருக்காங்க?” இது சார்.

“ஒரு மக. வேலைக்குப் போயிருக்கா.”

சார் எழுதிக்கொண்டார். அவள் கையை அவர் பார்க்காமல் இல்லை. பார்த்தும் ஒன்றும் கேட்கவில்லை. ஜீப்பில் திரும்பும்போது, “பாவம், பயந்துட்டாங்க. நீங்க சொன்ன தெரிஞ்சவங்க இவங்கதானா?” என்றார். “இல்ல சார், அது வேற வீடு” என்றேன். முகம் எரிந்தது. இப்போது நினைத்தாலும் எரிகிறது.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது அம்மா மண்ணெண்ணெய் தொட்டுக் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். “அந்தச் சாரு நம்பிட்டாரா?” என்றாள்.

“நம்பிட்டாரும்மா. எல்லா நம்பரையும் சேர்த்தாச்சு. இனிமே மனுக் குடுத்தா திரும்பி வராது.”

அவளுக்கு ஒரே சந்தோஷம். “நீயும் எம்புட்டு நல்லா நடிச்ச, தாயி! நெசமாவே தெரியாத ஆளு கணக்காவுல்ல கேட்ட” என்று சிரித்தாள்.

அவள்தான் நடித்தாள். நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்தே திருத்தங்கல்காரி.