வாயைத் திறக்காதே என்று அறுபது பேருக்குச் சொன்னேன்

ஆடி மாதத்தில் கள்ளக்குறிச்சியில் கல்யாண மண்டபங்கள் காலியாகக் கிடக்கும். அதனால்தான் அந்தச் சென்னை டிவிக்காரர்கள் ஆடியில் வந்தார்கள். மதிய நேரத்துப் பேச்சு நிகழ்ச்சி, ஊர் ஊராகப் போய் எடுக்கிறோம், இரண்டு நாளைக்கு அறுபது பெண்கள் வந்து உட்கார வேண்டும் என்று அவர்களுடைய மேனேஜர் எனக்குப் போன் செய்தார். நான் மகளிர் குழுத் தலைவி. தையல் கடை வயிற்றுப்பாட்டுக்கு. மற்றபடி ஊரில் மரம் நட்டாலும் சரி, மந்திரி வந்தாலும் சரி, கூட்டம் சேர்க்கிற வேலை என் தலையில்தான் விடியும்.

முதலில் முடியாது என்றேன். களையெடுப்பு நேரம், ஒருத்தியும் வர மாட்டாள். போனை வைக்கிற சமயத்தில் சும்மா ஒரு பேச்சுக்கு, யார் நடத்துகிறார்கள் என்று கேட்டேன். அவர் சொன்ன பெயரைக் கேட்டதும் மெஷினை மிதித்துக்கொண்டிருந்த என் கால் நின்றுவிட்டது.

அந்தப் பெயரை இங்கே போடப் போவதில்லை. இருபது வருஷத்துக்கு முன்னால் மதியம் டிவி பார்த்தவர்களுக்குச் சொல்லாமலே தெரியும். நேயர்கள் எழுதும் கடிதத்தைப் படிப்பார். அவ்வளவுதான் நிகழ்ச்சி. ஆனால் அவர் படித்தால் பக்கத்து வீட்டுக்காரி வந்து உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருக்கும். தப்பாகப் படித்துவிட்டால் தானே சிரித்துவிடுவார். நான் கடை போட்ட புதிதில், "டிவியில அந்தம்மா போட்டுக்கினு வருதே, அந்தக் கை வச்சித் தைச்சிக் குடு" என்றுதான் பாதிப் பேர் துணியை நீட்டினார்கள். என் கடையின் முதல் மூன்று வருஷம் அவருடைய ரவிக்கைக் கையால் ஓடியது.

பிறகு ஆள் காணாமல் போனார். கல்யாணம் என்றார்கள், வெளிநாடு என்றார்கள். ரொம்ப நாள் கழித்து ஒரு சீரியலில் யாருக்கோ சித்தியாக வந்து இருபது நாளில் செத்துப்போனார். ஒரு டான்ஸ் போட்டியில் முதல் வாரமே வெளியே அனுப்பினார்கள். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. என் வீட்டுக்காரர், "உன் கூடப் பொறந்தவளா தோத்துட்டா?" என்று கேட்டார். வாயைத் திறந்தால் சண்டையில் முடியும் என்று தட்டைக் கழுவப் போய்விட்டேன்.

அப்பேர்ப்பட்டவர் எங்கள் ஊருக்கு வருகிறார் என்றால் அறுபது என்ன, அறுநூறு பேரைக் கொண்டு வருவேன். கரும்புக்குக் களையெடுக்கிறவர்கள், சித்தாள் வேலைக்குப் போகிறவர்கள், குழுப் பெண்கள், வெள்ளிமலையிலிருந்து காலை முதல் பஸ்ஸில் இறங்கி வந்த மூன்று பேர் என்று சேர்த்துவிட்டேன். பயமும் சேர்ந்து வந்தது. எங்கள் பெண்களுக்கு எதையும் வாயை மூடிக்கொண்டு கேட்கத் தெரியாது. எங்களைப் பட்டிக்காடு என்று அவர் நினைத்துவிடக் கூடாதே என்று எனக்கு உயிரே போனது.

மண்டபத்து வாசலில் எல்லோரையும் நிறுத்திச் சொன்னேன். "உள்ள போனா ஒருத்தியும் வாயத் தொறக்கக் கூடாது. இருமல் வந்தாக் கூட வெளிய வந்து இருமணும். கை தட்டச் சொன்னாத் தட்டு. மத்த நேரம் பொம்ம மாதிரி குந்தியிரு." எலவனாசூர்கோட்டைக்காரி ஒருத்தி எங்கள் குழுவில் இருக்கிறாள். பேங்க் மேனேஜரையே உட்கார வைத்துக் கேள்வி கேட்டவள். அவளைத் தனியாகக் கூப்பிட்டு இன்னொரு தடவை சொன்னேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள்.

மணமக்கள் உட்காருகிற மேடையில் சோபா போட்டிருந்தார்கள். சத்தம் வரும் என்று மின்விசிறியை எல்லாம் நிறுத்திவிட்டார்கள். அவர் வந்தார். உடம்பு இளைத்திருந்தது, தலைக்குச் சாயம் அடித்திருந்தார், கும்பிட்டுச் சிரித்தபோது பழைய ஆள்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது, வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

நிகழ்ச்சி இதுதான்: ஒரு குடும்பத்துக் கதையை முதலில் அவர் சொல்வார், அதன் பிறகு அந்தக் குடும்பத்தையே மேடைக்கு அழைத்துப் பேச வைப்பார். சொல்ல வேண்டியதெல்லாம் கேமராவுக்கு முன்னால் ஒரு கண்ணாடியில் எழுத்தாக ஓடும். அதைப் பார்த்துப் படிக்க வேண்டும். அவர் படித்தார். பள்ளிக்கூடத்தில் உறுதிமொழி படிப்பது போல இருந்தது. டைரக்டர் சின்ன வயசுப் பையன், "மேடம், இன்னும் கொஞ்சம் உயிரோட்டமா" என்றான். மறுபடி எடுத்தார்கள். அதற்கப்புறமும் மறுபடி. ஏழாவது முறை அவருக்கு நாக்கு குழறியது. அறுபது பேரும் வேர்த்து ஒழுக, இமை கூடக் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டைரக்டர் என்னிடம் வந்து, "உங்க லேடீஸ் சூப்பருங்க, ஊசி விழுந்தாக் கேக்குது" என்றான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. புத்தியைப் பாருங்கள்.

சாப்பாட்டு இடைவேளையில் அவருடைய ரவிக்கைக் கொக்கி பிய்ந்துவிட்டது என்று என்னைக் கூப்பிட்டார்கள். மணமகள் அறையில் அவர் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். நான் ஊசியில் நூல் கோத்தேன். அவராகவே கேட்டார்.

"உங்க ஊர்க்காரங்களுக்கு என்னைப் பிடிக்கலையாம்மா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஏன் மேடம் அப்படிச் சொல்றீங்க?"

"ஒருத்தர் முகத்துலயும் ஒண்ணும் தெரியல. நான் யாருக்குச் சொல்றேன்னே தெரியல. அந்தக் காலத்துல மேக்கப் போடற அம்மா ஒருத்தங்க கேமரா பக்கத்துல நிப்பாங்க. நான் படிக்கப் படிக்க உம், உம்னு கேப்பாங்க. அவங்களுக்குத்தான் நான் படிப்பேன். ஊரே எனக்குத்தான் படிக்கிறாங்கன்னு சொல்லுச்சு." சிரித்தார். "இன்னிக்கு எடுத்ததைச் சாயங்காலம் சேனலுக்கு அனுப்பணும். என் இடத்துக்கு இன்னொரு பொண்ணைத் தயாரா வச்சிருக்காங்க. இதுவும் போச்சுன்னா இனிமே என்னை யாரும் கூப்பிட மாட்டாங்க. கூப்பிட்டாலும் கடை திறக்கத்தான் கூப்பிடுவாங்க."

ஊசி என் விரலில் ஏறியது. எங்கள் பெண்கள் உம் கொட்டாமல் ஒரு வார்த்தை கேட்டதில்லை. பஸ்ஸில் முன்பின் தெரியாதவள் பேசினாலும் உம், ரேடியோவில் செய்தி வாசித்தாலும் உம். அந்த வாயைக் கட்டிப் போட்ட மகராசி நான். அவரிடம் அதைச் சொல்ல எனக்கு முகமில்லை. "புடிக்காம இல்ல மேடம்" என்று மட்டும் சொல்லி, நூலை அறுத்துவிட்டு ஓடினேன்.

சாம்பார் வாளிக்கு முன்னால் நின்று சொன்னேன். "காலையில நான் சொன்னத வுட்ருங்க. எப்பவும் எப்படிக் கேப்பீங்களோ அப்படியே கேளுங்க."

எலவனாசூர்கோட்டைக்காரி சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டாள். "காலையில ஒண்ணு சொல்ற, மத்தியானம் ஒண்ணு சொல்ற. இப்ப இன்னாதான் பண்ணணும்ன்ற?"

"உன் வூட்டுக்கு ஒருத்தி வந்து கதை சொன்னா இன்னா பண்ணுவ? அத பண்ணு."

"டிவிக்காரன் திட்டுவான்."

"திட்டுனா நான் வாங்கிக்கிறேன்."

மறுபடி விளக்கு போட்டார்கள். ஒரே வீட்டில் இரண்டு மருமகள்கள், ஒரே சமையல்கட்டு, இரண்டு அடுப்பு, பதினோரு வருஷமாகப் பேச்சில்லை. அதுதான் கதை. "ஒரே ஓட்டுக்குக் கீழ ரெண்டு ஓரகத்திங்க" என்று ஆரம்பித்து அவர் மூச்சு விட நிறுத்தினார். மலையிலிருந்து வந்தவர்களில் ஒருத்தி மெல்ல, "உம்" என்றாள். அடுத்த வரிக்குப் பத்துப் பேர். அதற்கடுத்த வரிக்கு மண்டபமே சொன்னது. ஒலிப்பதிவு செய்கிறவர் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றி எறிந்தார். டைரக்டர் "கட், கட்" என்று ஓடி வந்தான். திட்டு வாங்க நான் எழுந்து நின்றேன்.

அவர் கையை உயர்த்தினார். "கட் பண்ணாதீங்க." பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "யாரு இப்ப உம் சொன்னது?" என்று கேட்டார். அறுபது தலையும் குனிந்தது. "இன்னொரு வாட்டி சொல்லுங்களேன்" என்றார்.

அதற்கு மேல் அவர் கண்ணாடியைப் பார்க்கவில்லை. சோபாவின் நுனிக்கு வந்து உட்கார்ந்துகொண்டார். ஒரு வரி சொல்வார், உம் வரும், அதை வாங்கிக்கொண்டு அடுத்த வரிக்குப் போவார். பாதியில் எலவனாசூர்கோட்டைக்காரி பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டாள்: "அப்படி இன்னாத்துக்கும்மா சண்ட?"

"குழம்புல உப்பு ஜாஸ்தின்னு ஒருத்தி சொல்லிட்டாளாம்."

"அதுக்காப் பதினோரு வருசம்?"

"உம்" என்றார் இவர். மண்டபம் சிரித்து அடங்க நேரமாயிற்று. ஒரே டேக்கில் முடிந்தது. இரண்டு நாளில் ஆறு கதை சொன்னார், உம் வந்த பிறகு ஒன்றைக்கூட மறுபடி எடுக்கவில்லை. கிளம்பும்போது என் நம்பரை வாங்கிக்கொண்டு, என் கையைப் பிடித்து அழுத்திவிட்டு வண்டி ஏறினார்.

ஆவணி பிறந்ததும் ஒரு திங்கட்கிழமை மதியம் இரண்டு மணிக்கு முதல் கதை வந்தது. என் கடை டிவிக்கு முன்னால் பத்துப் பன்னிரண்டு பேர். அவர் பேச ஆரம்பித்தார். முதல் வரி முடிந்தது, நிறுத்தினார். உம் வரவில்லை. சுத்தமாக எடுத்துவிட்டிருந்தார்கள். அடியில் மெல்லியதாகப் புல்லாங்குழல் மட்டும் ஓடியது. அவர் யாருக்கோ தலையாட்டிவிட்டுச் சிரித்தபடி காத்திருப்பார், பிறகு அடுத்த வரிக்குப் போவார். மறந்துபோய் நிற்கிறவர் போல எனக்குத் தெரிந்தது. ரத்தம் கொதித்தது. மேனேஜருக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. என்ன கதை ஓடியது, கடையில் யார் என்ன சொன்னார்கள், ஒன்றும் என் காதில் விழவில்லை.

மறுநாள் செவ்வாய்க்கிழமை அந்த ஓரகத்தி கதை ஓடிக்கொண்டிருக்கும்போது அவரே கூப்பிட்டார்.

"பாத்தீங்களாம்மா? நடுநடுவுல மேடம் நின்னு நின்னு போறாங்கன்னு சேனல்ல சொல்லிட்டாங்க. வெள்ளிக்கிழமை வரைக்கும் பாப்பாங்களாம். அப்புறம் அந்தப் பொண்ணுதான்."

"அந்த உம்ம எவன் மேடம் எடுத்தான்? அவன் பேரச் சொல்லுங்க" என்றேன்.

குரலை இறக்கிச் சொன்னார். "நான்தான் சரின்னேன். இதெல்லாம் இருந்தா உங்களுக்கே அசிங்கம், தெருக்கூட்டம் மாதிரி இருக்கும்னு எடிட்டிங்ல சொன்னாங்க. பயந்துட்டேன்."

எனக்கு மூக்கு மேல் கோபம் வரும். வந்தது. எங்களை வைத்துத்தானே உனக்குப் பேச்சு வந்தது, எங்களைத் துடைத்துப் போட்டுவிட்டாயே என்று கேட்கத்தான் வாயைத் திறந்தேன். நானும் இதே பயத்தில்தானே அறுபது பேரின் வாயை அடைத்தேன் என்று நினைவு வந்து, திறந்த வாய் அப்படியே நின்றது. அந்த நிமிஷம்தான் முதுகுக்குப் பின்னால் கேட்டேன்.

"உம்."

டிவியில் அவர் நிறுத்தியிருந்தார். கடையில் இருந்த பன்னிரண்டு பேரும் சொன்னார்கள். அடுத்த வரி முடிந்ததும் மறுபடி. சுவருக்கு அந்தப் பக்கம் டீக்கடையிலும் அதே சேனல் ஓடியது. அங்கே ஒரு ஆண் குரல் சொன்னது. எடிட்டிங்கில் காலி செய்த இடத்திலெல்லாம் கேட்கிறவர்கள் உட்கார்ந்துவிட்டார்கள். நேற்றும் இப்படித்தான் கேட்டிருப்பார்கள், என் கோபத்தில் எனக்குக் கேட்கவில்லை.

நான் போனை டிவி பக்கம் நீட்டிப் பிடித்தேன். கொஞ்ச நேரம் கழித்துக் காதில் வைத்தேன்.

"அது என்ன சத்தம்?" என்றார். "வெட்டாததைப் போட்டுட்டாங்களா?"

"இல்ல மேடம். டிவியில இல்ல. இங்க சொல்றாங்க."

"யாரு சொல்லச் சொன்னா? நீங்களா?"

"நான் எங்க மேடம், யாரும் சொல்லச் சொல்லல."

அவர் அழுகிறாரா என்று தெரியவில்லை. வெள்ளிக்கிழமை வந்து, அந்தப் பெண்ணை அழைக்கவில்லை என்று தெரிந்தது பிறகுதான். அப்போது எனக்கு எதுவும் தெரியாது. என்னவாவது தைரியம் சொல்லலாம் என்று தொண்டையைக் கனைத்தேன்.

எலவனாசூர்கோட்டைக்காரி திரும்பி என்னை முறைத்தாள். மண்டபத்தில் நேரில் உட்கார்ந்து கேட்ட அதே கதைதான். "ஏய், போன வையிடி. கதையக் கேக்க வுடு."

"அந்த மேடம்தான்டி பேசறாங்க" என்றேன்.

"எந்த மேடமா இருந்தா இன்னா? அந்தச் சின்னவ ஜுரத்துல படுத்துக்கினு இருக்கறா, பெரியவ கஞ்சி எடுத்துக்கினு போவாளா மாட்டாளான்னு சொல்லப் போறாங்க. அப்பறம் பேசச் சொல்லு."

மற்றவர்களும் உஷ் என்றார்கள்.

"மேடம், நான் வைக்கிறேன்" என்றேன். "இங்க உங்க கதைய கேட்டுக்கினு இருக்காங்க."