மலையை அளந்தவள்

பாறையில் துளையிட்டுக் கம்பி இறக்கினால் ஒரு மலை நகர்வதை அளந்துவிடலாம் என்று அந்த நாட்டில் முதலில் சொன்னவள் அவள்தான். "அசையாததுக்குத்தானேம்மா மலைன்னு பேரு?" என்று சிரித்தார் பல்கலைக்கழகத்தில் துறைத் தலைவர். ஊர் அவளுக்கு 'மண்ணு டாக்டர்' என்று பெயர் வைத்தது. இரண்டையும் அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. காலையில் கண்மூடிப் பிரார்த்தனை செய்வாள். பிறகு சேறு காயாத பூட்ஸை மாட்டிக்கொண்டு மலையேறுவாள். கடவுள் எழுதி வைத்ததைத்தான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறோம் என்பது அவள் எண்ணம்.

அடிவாரத்துப் பிரார்த்தனைக் கூடத்தை நடத்தியவர் அவள் கணவர். அந்த மழைக்காலத்தில் கூடத்தின் பின்சுவரில் விரல் நுழையும் அளவுக்கு விரிசல் விட்டது. கதவுகள் நிலையில் பொருந்த மறுத்தன. கிணறு கலங்கியது. மேலே கம்பிகள் விறைத்து இழுபட்டிருந்தன.

"கூடத்தக் காலி பண்ணணும்ங்க. பின்தெருவையும்தான்."

"போன வருஷமும் இதையேதான் சொன்ன. ஜனங்க பாயும் தலையணையுமா வெளிய கிடந்தாங்க. ஒரு கல்லு உருளல," என்றார் கணவர். "ஆபத்துன்னா ஓடி வர்ற இடத்தையே பூட்டிட்டு நான் யாருக்குத் தைரியம் சொல்றது?"

"கடவுள் மேல எனக்கும் நம்பிக்கை இருக்கு. மலை மேலதான் இல்ல."

அதற்குப் பிறகு சாப்பாட்டு மேஜையில் கரண்டிச் சத்தம் மட்டும்தான். 'புருஷன் கும்பிடுறாரு, பொண்டாட்டி குழி பறிக்கிறா' என்று தெருவில் பேசிக்கொண்டார்கள்.

நம்பியது ஒரே ஒருத்தி: பின்தெருவில் தையல் கடை வைத்திருந்த நாத்தனார்.

"அண்ணி, நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். நான் எங்க போகட்டும்?"

"ஓடைக்கு அந்தாண்ட போயிடு. அங்க பாறை கெட்டி."

தையல் மெஷினை ஆளுக்கொரு பக்கம் பிடித்து, இருவருமாகப் புது வீட்டில் இறக்கினார்கள்.

வாராந்திரப் பிரார்த்தனை நாளில் அவள் கூடத்தைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். வசவுகளை வாங்கிக்கொண்டு வாசலிலேயே நின்றாள். கணவர் அவள் முகத்தைப் பார்க்காமல், கூட்டத்தைத் தூரத்துப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போனார். பின்தெருக்காரர்களும் முணுமுணுத்தபடி போனார்கள்.

பிரார்த்தனை முடிவதற்குள் மலை இறங்கியது. லாரியில் இருந்து ஜல்லி கொட்டுகிற சத்தம். ஆனால் நிற்கவே இல்லை. கூடத்தை நோக்கி வந்த சரிவு நடுவில் ஒரு பாறைத் திட்டில் மோதித் திரும்பி, ஓடைவழியே பாய்ந்தது. கூடத்துக்குப் பின்சுவர் மட்டும்தான் போயிற்று. பின்தெரு அப்படியே இருந்தது. ஓடைக்கு அந்தாண்டை வீடு இருந்த இடத்தில் வீடு இல்லை.

தங்கையின் உடலைச் சேற்றிலிருந்து எடுத்தபோது கணவர் கத்துவார் என்று எல்லாரும் நினைத்தார்கள். "பழைய வீட்டுலயே இருந்திருந்தா பொழைச்சிருப்பா," என்றார். அவ்வளவுதான்.

அதன்பின் அவளுக்குப் பிரார்த்தனை வரவில்லை. 'நான் தப்பாப் படிச்சேனா, நீ எழுதினதே அப்படித்தானா?' என்று கேட்டாள்.

அதைவிடப் பயங்கரம் பின்னால் வந்தது. ஊர் அவளை நம்பத் தொடங்கிவிட்டது. பத்திரிகைகள் புகழ்ந்தன, துறைத் தலைவர் கார் அனுப்பினார். மூட்டை முடிச்சோடு பெண்கள் வாசலில் வந்து நின்றார்கள்.

"நீங்க கை காட்டுற பக்கம் போறோம்மா."

அவள் கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

"மலை இன்னும் நகருது. அடுத்து எந்தப் பக்கம் சரியும்னு எனக்குத் தெரியாது. சத்தியமாத் தெரியாது. ஊரை விட்டே போயிடுங்க."

யாரும் அசையவில்லை. அவள் பின்னால் நின்றிருந்த கணவர் கூடத்துக்குள் போனார். முதல் பெஞ்சைத் தூக்கி வண்டியில் ஏற்றினார். பிறகுதான் மற்றவர்கள் நகர்ந்தார்கள்.

இப்போது அங்கே ஆள் கிடையாது. அவர்கள் இருவர் மட்டும் வந்து மலையேறுகிறார்கள். அவள் ஓடைப்பக்கமும் கம்பி இறக்கியிருக்கிறாள். மறுமுனையை அவர் பிடித்துக்கொள்கிறார். அவர் உதடு எதையோ முணுமுணுக்கிறது. அவளுடையது இன்னும் மூடியேதான் இருக்கிறது. கம்பி ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூடுதலாக இழுபட்டிருக்கிறது.