கேட்டது ஆறு, வாங்கியது எட்டு

சிங்கப்பூரில் புதிதாக ஒருவரைச் சந்தித்தால் அவர் நம்மை எந்த ஊர் என்று கேட்பதில்லை. யார் மகன், கல்யாணம் ஆயிற்றா, எத்தனை குழந்தைகள் என்றும் கேட்பதில்லை. நம் ஊரில் ரயிலேறி உட்கார்ந்த ஐந்தாவது நிமிடத்தில் முடிந்துவிடுகிற இந்த விசாரணைகளெல்லாம் இங்கே அநாகரிகமாம். நாகரிகமானவர்கள் ஒன்றே ஒன்றுதான் கேட்பார்கள். "இங்கிலீஷ்ல எத்தனை?" சிராங்கூன் ரோட்டில் நான் முடிவெட்டிக்கொள்ளும் கடைக்காரர்கூட, சவரக்கத்தியைக் கழுத்தில் வைத்துக்கொண்டு இதைத்தான் கேட்டார். கத்தி கழுத்தில் இருக்கும்போது பொய் சொல்ல யாருக்குத் துணிச்சல் வரும்? "எட்டு" என்றேன். கத்தி ஒரு கணம் நின்றது. "பரவால்ல லா தம்பி, அடுத்த வருஷம் இருக்குல்ல" என்று இந்த ஊர் வழக்கப்படி ஒரு 'லா' சேர்த்துச் சொல்லி, துக்க வீட்டுக்காரனை நடத்துவதுபோல மிகவும் மெதுவாக மீதிக் கன்னத்தைச் சிரைத்துவிட்டார்.

ஊரிலிருந்து படிப்பவர்களுக்கு இந்த எட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். சீமையிலிருந்து கப்பலில் கேள்வித்தாள் வந்து, எழுதிய விடைகள் கப்பலேறிச் சீமைக்கே போய்த் திருத்தப்படுகிற சீனியர் பரீட்சையில், மார்க்கு நம் ஊர்போல மேலே ஏறாது, கீழே இறங்கும். ஒன்று வாங்கியவன் மேதை. ஒன்பது வாங்கியவன் தோற்றவன். ஆறுவரை வந்தால் கிரெடிட் என்று கௌரவமான பெயர். ஏழும் எட்டும் வெறும் பாஸ், அதாவது தோற்கவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம், வேறு எதற்கும் உதவாது. நான் ஒரு சர்க்கார் அலுவலகத்தில் தற்காலிகக் குமாஸ்தா. அடுத்த பரீட்சையில் இங்கிலீஷில் கிரெடிட் வந்தால் வேலை நிரந்தரம், வராவிட்டால் நாற்காலியைக் காலி செய்துவிட்டு ஊருக்குக் கப்பலேற வேண்டியதுதான் என்று தலைமைக் குமாஸ்தா சிரித்த முகத்தோடு சொல்லிவிட்டார். ஊரில் எஸ்.எஸ்.எல்.சி.யில் இங்கிலீஷில் பள்ளிக்கூடத்துக்கே முதலாவதாக வந்தவன் நான். அந்தச் செய்தியை இங்கே யாரிடமும் சொல்லிப் பார்க்கவில்லை. சிரிப்பார்கள் என்பது தெரியும்.

அப்பாவுக்குக் கடிதம் எழுதினேன். நீலநிற ஏர்மெயில் தாளில் முறைப்படி நலம் சொல்லி, நலம் கேட்டு, அம்மாவின் முழங்கால் வலி, அக்காவின் பிள்ளைகள், சினைமாடு, மழை எல்லாவற்றையும் வரிசையாக விசாரித்து முடித்தபோது தாளில் இடமில்லை. ஓரத்து மடிப்பில் நுணுக்கி நுணுக்கி, "வேலைக்கு ஆறு வேண்டும் என்கிறார்கள். எனக்கு எட்டு வந்திருக்கிறது. திரும்ப எழுதவேண்டும்" என்று முடித்தேன்.

என் அப்பா மன்னார்குடிப் பக்கத்தில் ஒரு கிராமத்துத் தபாலாபீஸின் போஸ்ட்மாஸ்டர். ஊருக்கு வரும் கார்டுகளையெல்லாம், உரியவர்களுக்கு முந்தியே படித்துவிடும் பொறுப்பை ஏற்றுக்கொண்டவர். தன் வீட்டுக் கடிதத்தை மட்டும் ரகசியமாகவா வைத்திருப்பார்? பத்து நாளில் பதில் வந்தது. "கேட்டது ஆறு. நீ வாங்கியது எட்டு. அப்படியிருந்தும் திரும்ப எழுதச் சொல்கிறார்கள் என்றால் இதைவிட அக்கிரமம் உண்டா? வெள்ளைக்காரன் புத்தி போகுமா? பிள்ளையார் கோயிலில் உன் பெயருக்கு அர்ச்சனை செய்தோம். அந்த மார்க்குத் தாளை உடனே அனுப்பி வை. இங்கே நாலு பேருக்குக் காட்டவேண்டும்." பத்துக்கு எட்டு என்று ஊரே முடிவுகட்டியிருந்தது. விளக்கி எழுத உட்கார்ந்தேன். என் வாழ்நாளில் என்னைப் பற்றி அவர் இவ்வளவு பெருமையாக ஒரு வரி எழுதியதில்லை. பேனாவை மூடிவிட்டு, மார்க்குத் தாளை உறையில் போட்டு அனுப்பிவைத்தேன். என் கண்ணில் படாமல் அது தொலைந்தால் எனக்கும் நிம்மதிதான்.

எட்டை ஆறாக்கித் தரும் பொறுப்பை மிஸ் டான் என்ற சீனத்து டீச்சர் ஏற்றுக்கொண்டார். குவீன்ஸ்டவுனில் புதிதாகக் கட்டிய அடுக்குமாடி வீட்டில், ஆறாவது மாடியில் இருந்தார். சனிக்கிழமை தோறும் இரண்டு பஸ் மாறிப் போவேன். முதல் நாளே, விடுமுறைக்கு நண்பனை அழைத்துக் கடிதம் எழுதச் சொன்னார். பழைய கேள்விதான், பரீட்சையிலும் எழுதியிருந்தேன். அங்கே எழுதியதையே சந்தோஷமாக எழுதிக் கொடுத்தேன். மிஸ் டான் படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"உங்கள் நண்பருக்கு என்ன வியாதி?" என்று இங்கிலீஷில் கேட்டார்.

"வியாதி ஒன்றுமில்லை மிஸ்."

"மூன்று இடத்தில் அவருடைய உடம்பை விசாரிக்கிறீர்கள். அப்பா உடம்பு, அம்மா உடம்பு. இது யார், மாட்டுக்கும் உடம்பு சரியில்லையா?"

"அது மரியாதை மிஸ்."

"மாட்டுக்கா?"

அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எங்கேதான் அழைத்திருக்கிறீர்கள்?" என்றார். கடைசி வரியைக் காட்டினேன். விஷயத்தைக் கடைசியில்தானே சொல்லவேண்டும்? வாசலில் நின்றபடியே வந்த காரியத்தைச் சொல்பவனை நாம் மனிதனாகவா மதிக்கிறோம்? மிஸ் டான் சிவப்பு மையால் மேலிருந்து கீழ்வரை ஒரு கோடு இழுத்தார். என் அம்மா, அப்பா, மாடு எல்லோரும் அந்தக் கோட்டில் போனார்கள். மிஞ்சியது கடைசி வரி ஒன்று. "இங்கே ஆரம்பியுங்கள்" என்றார்.

இப்படியாக ஒரு வருஷம் நான் நாகரிகம் கற்றேன். சுருக்கி எழுதும் கேள்விக்கு அறைத்தோழர் காதர் பாய் துணை. நாகூர்க்காரர், துணிக்கடையில் கணக்கப்பிள்ளை, இருபது வருஷமாகக் கடைக்குத் தந்தி எழுதிக் கை தேர்ந்தவர். நான் ஒரு பக்கத்தைப் படித்து அரை மணி நேரம் விளக்குவேன். அவர் பல் குத்திக்கொண்டே கேட்டுவிட்டு, "அவ்வளவுதானா தம்பி? சரக்கு வரல. ஆள் வரல. நீங்க வாங்க. முடிஞ்சு போச்சு லா" என்பார். கேள்வி என்னவோ ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் வழிதவறிய ஒரு துரையைப் பற்றியது. ஆனால் யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னதில் தவறொன்றும் இல்லை.

அப்பாவின் கடிதங்கள் வந்தபடியே இருந்தன. "எட்டு வாங்கியவனுக்கு அங்கே மதிப்பில்லை என்றால் இங்கே வந்துவிடு. பள்ளிக்கூட மானேஜரிடம் பேசிவிட்டேன், தாளைப் பார்த்து அசந்துபோனார்." ஒரு நாள் மாலை மிஸ் டானிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு பஸ்ஸில் திரும்பும்போது, போய்விடலாமா என்று நிஜமாகவே தோன்றியது. அங்கே நான் எட்டுக்கு ராஜா. இங்கே எட்டு வாங்கியவனுக்கு முடிவெட்டுபவர் ஆறுதல் சொல்கிறார். ஆனால் போனால் அந்தப் பொய்யின் மேல் உட்கார்ந்துதான் சம்பளம் வாங்கவேண்டும். அடுத்த சனிக்கிழமையும் பஸ் ஏறினேன்.

பரீட்சை எழுதினேன். மார்ச்சில் முடிவு வந்தது. இங்கிலீஷில் ஆறு. சரியாக விளிம்பில் ஆறு. மிஸ் டான் கைகொடுத்தார். தலைமைக் குமாஸ்தா அதே சிரித்த முகத்தோடு நியமனக் கடிதத்தை நீட்டினார். காதர் பாய் பக்கத்து அறைக்காரர்களுக்கெல்லாம் தேநீர் வாங்கிக் கொடுத்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த வேகத்திலேயே அப்பாவுக்கு எழுதினேன். ஒரு வருஷப் பழக்கம் சும்மா விடுமா? நாகரிகமான மனிதனாக, விஷயத்தை முதல் வரியிலேயே வைத்தேன். "அப்பா, ஆறு வந்துவிட்டது. வேலை நிரந்தரமாகிவிட்டது. இனி இங்கேதான்." அவ்வளவுதான் கடிதம். மிஸ் டான் பார்த்திருந்தால் ஒரு சொல்லைக்கூட அடித்திருக்கமாட்டார்.

பதில் மிக நீளமாக இருந்தது. அதில் அப்பா ஓரங்களைக்கூட விட்டுவைக்கவில்லை. "உன் கடிதம் கண்டு வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. நலம் என்று ஒரு சொல் இல்லை. அம்மா எப்படி இருக்கிறாள் என்று கேட்கவில்லை. இப்படியா எழுதுவாய் நீ? எவ்வளவு மனம் உடைந்திருந்தால் கை இப்படி எழுதும் என்று எனக்குத் தெரியாதா? எட்டு ஆறாகக் குறைந்ததால் என்ன குடி முழுகிப்போயிற்று? கேட்ட ஆறு இருக்கிறதே, வேலையும் கொடுத்துவிட்டார்களே, அதுவே பெரிது. உடம்பைப் பார்த்துக்கொள். எண்ணெய் தேய்த்துக் குளி. யார் என்ன கேட்டாலும் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்." முதலில் விழுந்து விழுந்து சிரித்தேன். காதர் பாய்க்குப் படித்துக் காட்ட எடுத்தேன், இரண்டாவது வரியோடு மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன். என் வெற்றிக்கு உலகத்திலேயே மிக அன்பான அனுதாபக் கடிதம் அது. அதற்கும் விளக்கம் எழுதவில்லை. எழுதினால் ஆறு உயரும், எட்டு விழும். எட்டோடு சேர்ந்து அவரும் ஊருக்கு முன்னால் விழுவார்.

சில வருஷம் கழித்து விடுப்பில் போனேன். தபாலாபீஸ் சுவரில், தபால்தலை விலைப் பட்டியலுக்குப் பக்கத்தில், கண்ணாடி போட்ட சட்டத்துக்குள் என் எட்டு மாட்டியிருந்தது. மூலையில் சந்தனப் பொட்டு வேறு. மணியார்டர் வாங்க வந்த ஒருவர் என்னைப் பார்த்து, "தம்பி, அப்புறம் எழுதினீங்களே, அதுல எத்தனை?" என்று ஆரம்பித்தார். அப்பா முத்திரையைப் படாரென்று மேஜைமேல் வைத்துவிட்டு எழுந்து வந்தார். அவரை வாசலுக்கு நடத்திக்கொண்டு போய்த் தாழ்ந்த குரலில் சொன்னது எனக்கும் கேட்டது: "அத மட்டும் அவங்கிட்ட கேக்காதீங்க. புள்ள ரொம்ப நொந்துபோயிருக்கான்."

இப்போது சிராங்கூன் ரோட்டில் யாராவது இங்கிலீஷில் எத்தனை என்று கேட்டால், கத்தி கழுத்தில் இருந்தாலும் நிமிர்ந்து உட்கார்ந்து ஆறு என்று சொல்கிறேன். ஊரில் என்னை யாரும் எதுவும் கேட்பதில்லை. அப்பா கேட்கவிடுவதில்லை.