ஹுல்டா கையெழுத்திட்ட பசு

ஹுல்டா க்ரெய்டருக்குக் குழந்தைகளைக் கண்டாலே ஆகாது. 1908-இல் பிலடெல்பியா மாத இதழ் ஒன்றின் அட்டையில் சிரித்த குழந்தைகளில் பாதிக்கு மேல் அவள் வரைந்தவை என்பது வேறு விஷயம். பெண் ஓவியருக்குக் குழந்தை, பூனைக்குட்டி, தொப்பி. குதிரை, கப்பல், கொலை எல்லாம் ஆண்களுக்கு என்று பத்திரிகை உலகம் பாகம் பிரித்திருந்தது. டிசம்பர் இதழின் வண்ண அட்டையை ஜூலையிலேயே வரைந்தாக வேண்டும். எதிர்வீட்டு மிஸஸ் ஃப்ளின்னின் கைக்குழந்தைக்குக் கம்பளிச் சட்டை மாட்டி, அது வீறிட்டுக் கத்தக் கத்த, கிறிஸ்துமஸ் புன்னகையை வரைந்து முடிப்பாள்.

படத்தின் மூலையில் ‘ஹெச். க்ரெய்டர்’ என்று மட்டும் இருக்கும். முழுப் பெயர் போடப் படப்பிரிவு ஆசிரியர் டில்வொர்த் விடவில்லை. வாசகர்களும் ஓவியரை ஆண் என்றே நம்பி, “உங்கள் மனைவி கொடுத்துவைத்தவர்” என்று எழுதினார்கள். ஆறு வருஷம் பொறுத்தாள். குழந்தை இல்லாத ஒரு தொடர்கதைக்கு, முழுப் பெயரோடு வரைய வேண்டும். அவள் கேட்டதெல்லாம் அவ்வளவுதான்.

அந்த வசந்தத்தில் ஒரு பண்ணைத் தொடர்கதை தொடங்கியது. படம் வரைந்தவர் ராஸ்கோ தார்ன்பரி. பெரிய பெயர், அதைவிடப் பெரிய மீசை. கதாநாயகி பால் கறக்கும் முதல் படமே அபாரம். ஆனால் அவளைப் பசுவின் இடப்பக்கம் உட்காரவைத்துவிட்டார். பிறந்ததிலிருந்து வலப்பக்கமே உட்கார்ந்து கறந்த விவசாயிகள் கொதித்துப்போய் எழுதிய கடிதங்கள் இரண்டு மூட்டை தேறின.

டில்வொர்த் ஹுல்டாவைக் கூப்பிட்டனுப்பினார்.

“மிஸ் க்ரெய்டர், நீங்க லேன்காஸ்டர் பக்கம் பண்ணைவீட்டுப் பொண்ணுதானே?”

“பன்னெண்டு மாடு கறந்துட்டுத்தான் பள்ளிக்கூடம் போவேன் சார்.”

“நல்லதாப் போச்சு. அடுத்த மாசப் படத்துல மாட்டை மட்டும் போட்டுக் குடுத்துடுங்க. மீதியைத் தார்ன்பரி பாத்துப்பார். கையெழுத்தும் அவரோடதுதான்.”

“அவர் மீசைக்கும் நானே மை தடவணுமா?”

“விளையாடாதீங்க. நாளன்னைக்கு அச்சுக்குப் போகணும்.”

“அப்ப சீக்கிரம் சொல்லுங்க. படம் முழுக்க என்னுது, கீழ ஹுல்டா க்ரெய்டர்னு முழுப் பேர். இல்லேன்னா அவரையே போடச் சொல்லுங்க. இந்தத் தடவை மாட்டு மேலயே ஏத்தி உக்கார வெச்சுடுவார்.”

“பொம்பளை பேரைப் பாத்தா இந்த விவசாயிங்க என்ன சொல்வாங்க தெரியுமா?”

“தெரியாது. அவங்க வீட்ல மாடு கறக்கிறது யாருன்னு தெரியும்.”

டில்வொர்த் கடித மூட்டைகளைப் பார்த்தார். கதைத் தாள்களை அவள் பக்கம் தள்ளினார்.

படம் வெளிவந்ததும் அயோவாவிலிருந்து ஒருவர் எழுதினார்: “கதையில் ஜெர்சி பசு, படத்திலும் ஜெர்சிதான். நெற்றியை விலாவில் முட்டுக்கொடுத்துக் கறப்பதும் சரி. புகார் இல்லை.” புகார் எழுதவே உட்கார்ந்த மனிதர், பாவம். தொடர் இன்னும் பதினொரு மாதம் ஓடியது. பதினொரு தடவையும் ஹுல்டா க்ரெய்டர்.

அவள் அப்பா ஆப்ரம் மெனோனைட் என்ற கண்டிப்பான கிறிஸ்தவ சபைக்காரர். வீட்டுச் சுவரில் படம் மாட்டுவது அவர்களுக்குத் தற்பெருமை, பாவம். நன்றாக யோசித்து, தொழுவம் வீடாகாது என்ற முடிவுக்கு வந்தார். மகள் வரைந்த பசுப் படத்துக்கு அங்கே ஆணியடித்தார். பால் கேன் ஏற்ற வந்த வண்டிக்காரரும் அதே சபைதான்.

“என்ன ஆப்ரம், படமெல்லாம் மாட்டியிருக்கே?”

“மாடுங்க பாக்கட்டும்னு மாட்டினேன். உன்னை யாரு பாக்கச் சொன்னா?” என்றார் ஆப்ரம். வண்டிக்காரர் கேனோடு திரும்பினார். ஆப்ரம் விடவில்லை.

“பாத்தது பாத்தே, கீழ பேரைப் படிச்சியா?”