அம்மனுக்குப் போன மரக்கால்

அறுபத்து நாலோ அஞ்சோ, ஆடி மாதம். குற்றாலம் பெரிய அருவிக்குப் பக்கத்துப் பாறை. அங்கே இருந்தவர்கள்: எண்ணெய் தேய்த்துக்கொள்ளக் குப்புறப் படுத்திருந்த ஒரு மதுரை வக்கீல். அவருடைய மச்சினர். சுக்குக் காப்பி விற்கிற ஒரு அம்மா. வக்கீலின் வேட்டி மேல் கண் வைத்திருந்த ஒரு குரங்கு. அப்புறம் நான்.

எண்ணெய் தேய்த்துவிடுவது என் தொழில். அதற்கு முன்னால் புளியறையில் லாரிக்கு மரத்தடி ஏற்றினேன். ஒரு தடி உருண்டு இடது கால் போயிற்று. தொடையில் பாதிதான் மிச்சம். செங்கோட்டை ஆசாரி ஒருவர் பூவரச மரத்தில் ஒரு கால் செய்து கொடுத்தார். மேலே தொடை உட்காரத் தோலில் ஒரு குழி. இடுப்பில் கட்ட ஒரு வார். அடியில் லாரி டயர் துண்டு. அதை வைத்துத்தான் பல வருஷம் நடந்தேன், பிழைத்தேன்.

அன்று குரங்கை விரட்ட எழுந்தேன். நான் சிந்திய எண்ணெயிலேயே டயர் வழுக்கியது. இடது பக்கமாக விழுந்தேன். பிறகு எழ முடியவில்லை. வக்கீல் எண்ணெய் உடம்போடு தன் காரில் தென்காசிக்குக் கொண்டுபோனார். அங்கே பார்த்துவிட்டுத் திருநெல்வேலிப் பக்கம் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள்.

தொடை எலும்பு இடுப்பில் சேருகிற இடத்தில் முறிந்திருந்தது. சின்ன டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"சார், இந்தப் பக்கம் காலே இல்லையே. இதுக்கு ஆப்பரேஷன் எதுக்கு? வீட்டுல உட்கார்ந்துக்கிடுவார்."

அந்தப் பாதித் தொடைதான் மரக்காலைத் தூக்கிப் போடுவது. அது ஆடாவிட்டால் மரக்கால் வெறும் விறகு. அதைச் சொல்ல வாய் வரவில்லை.

பெரிய டாக்டர் பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரியைப் பார்த்தார். "ஏம்மா, இவரு மரக்காலை மாட்டி நடப்பாரா, சும்மா ஓரத்துல சாத்தி வச்சிருப்பாரா?"

"நடப்பாராவா? சந்தைச் செலவுக்குக் காசு கேட்டா ஆலங்குளம் வரைக்கும் ஓடுவாரு ஐயா."

டாக்டர் சிரித்தார். கட்டிலுக்கு அடியில் கிடந்த மரக்காலை எடுத்துத் தலைகீழாகப் பிடித்தார். டயர் ஒரு பக்கமாகத் தேய்ந்து உள்ளே நூல் தெரிந்தது. அதை விரலால் தடவிப் பார்த்தார். சின்ன டாக்டரிடம் நீட்டினார். "செருப்புத் தேயுற மாதிரி தேஞ்சிருக்கு பாரும். இவரு நடக்கிற ஆளு. போடுவோம்."

என்ன போடப் போகிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. கேட்டேன். மறுநாள் பெரிய டாக்டர் கொண்டுவந்து காட்டினார். எலுமிச்சம்பழம் அளவில் ஒரு இரும்புக் குண்டு. கண்ணாடி மாதிரி பளபளப்பு. அதன் கீழே கத்தி போல ஒரு தண்டு. தண்டில் ஜன்னல் வைத்தது போல இரண்டு ஓட்டை. முறிந்த எலும்பு முனையை எடுத்துவிட்டு, தண்டைத் தொடை எலும்புக்குள் இறக்கி, குண்டை இடுப்புக் குழியில் உட்கார வைப்பார்களாம்.

"துருப் பிடிக்காதா ஐயா? நான் அருவித் தண்ணியில கிடக்கிறவன்."

"பிடிக்காது. உம்ம டயர்தான் தேயும்."

முதுகில் ஊசி போட்டார்கள். இடுப்புக்குக் கீழே மரத்துப் போயிற்று. ஆனால் முழித்திருந்தேன். முகத்துக்கு முன்னால் ஒரு துணி. காது மட்டும் வேலை செய்தது. கொஞ்ச நேரத்தில் சின்ன டாக்டர் குரல்.

"சார், திருப்பணும்னா பிடிக்க ஒண்ணும் இல்லையே."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. மற்றவர்களுக்கு இதைச் செய்யும்போது ஒருத்தர் முழங்காலையும் பாதத்தையும் பிடித்துத் திருப்பித்தான் உள்ளே வழி பண்ணுவார்கள் போல. எனக்குத் தொடையே பாதி. அதுவும் வழுக்கும். பிறகு ஏதோ துளை போடுகிற சத்தம் கேட்டது. ஆசாரி பட்டறைச் சத்தம்தான். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"ஐயா, எதைப் பிடிச்சிருக்கிய?"

"உம்ம எலும்புல குறுக்க ஒரு கம்பியைச் சொருகியாச்சு. சைக்கிள் ஹேண்டில் மாதிரி பிடிச்சிருக்காரு."

"மணி இருக்கா?"

"சிரிக்காதீரும்வே, ஆடுது."

சுத்தியல் விழுகிற சத்தம் கேட்டது. பிறகு பொதுக்கென்று ஒரு சத்தம். குண்டு குழியில் விழுந்த சத்தம் என்றார்கள். கால் நீளம் சரியா என்று பார்க்க அடுத்த காலோடு ஒட்டிப் பார்ப்பது வழக்கமாம். என்னிடம் அதற்கும் வழியில்லை. "கூடக் குறைய இருந்தா மரத்தைச் சீவிக்கலாம். இப்படி வசதி யாருக்கு வாய்க்கும்" என்றார் பெரிய டாக்டர்.

தையல் பிரித்தார்கள். புண் ஆறியது. தொடையைத் தூக்கச் சொன்னார்கள், தூக்கினேன். "இனிமே மரக்காலை மாட்டி நிக்கணும். தள்ளிப் போட்டா சதை சுருங்கிரும், அப்புறம் குண்டு வச்சும் பிரயோசனம் இல்ல" என்றார் டாக்டர். மரக்காலை எடுத்துவரச் சொன்னேன். ஆப்பரேஷன் முடிந்ததும் வீட்டுக்காரி அதை ஊருக்குக் கொண்டுபோயிருந்தாள்.

அவள் சேலை முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றாள்.

"அது அம்மன் கோயில்ல இருக்கு."

எங்கள் பக்கத்தில் கை கால் சுகமானால் மண்ணில் கையோ காலோ செய்து கோயிலில் வைப்பார்கள். எல்லாரும் செய்வதுதான். இவள் என் மரக்காலையே வைத்துவிட்டாள்.

"மண்ணுல ஒரு கால் வாங்கி வைக்க வேண்டியதுதான?"

"ஆப்பரேஷன் அன்னைக்கு உசுரைத் தா, காலைத் தாரேன்னு நேந்தேன். நெசக் கால் உள்ளவன் மண்ணு கால் வைப்பான். உங்க காலு அதுதான? அதை வீட்டுல ஒளிச்சு வச்சிட்டு மண்ணைக் கொண்டு குடுத்தா அம்மன் சும்மா விடுவாளா?"

"நான் எதை மாட்டி நிக்க?"

"இடுப்புக்குள்ள குண்டு வச்ச டாக்டரு வெளிய ஒரு கட்டை வைக்க மாட்டாரா?"

டாக்டரிடம் அப்படிக் கட்டை எதுவும் இல்லை. ஆசாரிக்குச் சொல்லியனுப்பினேன். நல்ல மரம் அறுத்துக் காய வைத்துச் செய்து தரத் தைமாதம் ஆகும் என்றார். அதுவரை சதை காத்திருக்காது.

கக்கத்தில் இரண்டு கட்டை வைத்துக்கொண்டு வடகரைப் பக்கம் எங்கள் ஊருக்கு வந்தேன். கோயில் பெரியவரிடம் கேட்டேன். அவர் கையை விரித்தார்.

"அம்மன் பொருளைச் சும்மா திருப்பிக் குடுத்தா நாளைக்கு ஒவ்வொருத்தனும் வந்து ஆட்டைக் குடு, கோழியைக் குடும்பான். வர்ற செவ்வாய் கொடைத் திருவிழா. அது முடிஞ்ச மறுநாள் ஏலம். எல்லாரையும் போல வந்து கேளும்."

அவர் சொன்னது நியாயம்தான். வீட்டில் இருந்த காசையெல்லாம் மடியில் கட்டிக்கொண்டு ஏலத்துக்குப் போனேன்.

ஆடு போயிற்று. சேவல் போயிற்று. பூசணிக்காய், சேலை எல்லாம் போயிற்று. என் மரக்காலைத் தூக்கிக் காட்டினார்கள். கூட்டம் சிரித்தது. "ஒரு ரூவா" என்றேன். யாரும் கேட்க மாட்டார்கள் என்று நினைத்தேன்.

"ரெண்டு" என்று பின்னாலிருந்து ஒரு குரல். செங்கோட்டைத் தடி வியாபாரி ஒருவர். வெள்ளை வேட்டி, கையில் குடை. இரண்டு காலும் நன்றாக இருந்தன. நான் ஏற்றினேன். அவரும் ஏற்றினார். அதற்கு மேலும் நான் ஏற்றினேன். சிரிப்பு நின்றது. என் மடி எனக்குத் தெரியும். இன்னும் இரண்டு தடவைதான் ஏற்ற முடியும்.

வீட்டுக்காரி பெண்கள் பக்கத்திலிருந்து வந்துவிட்டாள். "ஏன் அண்ணாச்சி, ஒமக்குத்தான் ரெண்டு இருக்கே. மூணாவதை எங்கன மாட்டப் போறீரு?"

அவர் கோபப்படவில்லை. "எனக்கு இல்ல தாயீ. என் லாரியில தடி ஏத்தின பையனுக்குப் போன மாசம் கால் போயிட்டு. ஒரு வழியும் தெரியல. இங்கன மரக்கால் ஏலத்துக்கு வருதுன்னாவ, ஓடி வந்தேன்."

கட்டையை ஊன்றி அவர் பக்கம் போனேன்.

"அவனுக்கு எது வரைக்கும் போச்சு?"

"முட்டுக்குக் கீழ. கெண்டைக்கால்ல."

"முட்டு இருக்கா?"

"இருக்கு."

"அப்போ இது அவனுக்கு ஆகாது அண்ணாச்சி. இது தொடையில போனவனுக்கு. மாட்டினா இருக்கிற முட்டும் மடங்காமப் போயிரும். அவன் காலை அளந்துதான் செய்யணும். இதைச் செஞ்ச ஆசாரி உங்க ஊருதான். நாளைக்கே கூட்டிட்டுப் போறேன்."

அவர் மரக்காலைப் பார்த்தார். என் தொடையைப் பார்த்தார். குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "விட்டுட்டேன்" என்றார்.

ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம்.

அங்கேயே கோயில் படியில் உட்கார்ந்து மாட்டினேன். நின்றேன். இடுப்புக் குழியில் புதுக் குண்டு திரும்பியது, வலிக்கவில்லை. மறுநாள் அந்தப் பையனை ஆசாரியிடம் கூட்டிப்போனேன். பிறகு அவன் அதே லாரியில் கிளீனர் ஆனான்.

நான் இன்றைக்கும் சீசனில் அதே பாறையில் எண்ணெய் தேய்க்கிறேன். உள்ளே இருக்கிற குண்டுக்கு என்ன விலை என்று டாக்டரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பிறந்தபோது வந்த காலுக்கு விலையே கிடையாது. பத்துப் பேர் முன்னால் இது என்னுடையது, எனக்கு வேண்டும் என்று வாய் திறந்து நான் கேட்டு வாங்கியது அந்த மரக்கால் ஒன்றுதான். விடியலில் வாரை இழுத்துக் கட்டும்போதெல்லாம் அதன் விலை ஞாபகம் வருகிறது. ஒன்பது ரூபாய்.